பி.எஸ்சி. கணிதம் முடித்து குவான்டிடேடிவ் எகனாமிக்ஸ் போகலாமா?

கொழுந்துக்கூடை:

எல்லோருக்கும் வணக்கம். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் வருடம் படிக்கிறேன். வீடு கோத்தகிரி பக்கம், தினமும் பஸ்ஸில்தான் போய் வருகிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. அப்பா 2012-லிருந்து நோட்டு எழுதுகிறார். இலை எடுக்கும் நாளெல்லாம் எத்தனை கிலோ, பாக்டரியில் எத்தனை கிலோ கழித்தார்கள், மாசக் கடைசியில் கிலோவுக்கு என்ன விலை வந்தது, எல்லாம் அதில் இருக்கும். மழை பெய்தால் ஓரத்தில் 'ம' என்று ஒரு எழுத்து. உறைபனி விழுந்தால் 'ப'. வருடத்துக்கு ஒரு நோட்டு, கட்டில் அடியில் தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறார்.

போன செமஸ்டர் லீவில் அத்தனையையும் எக்ஸெலில் ஏற்றினேன். பதினெட்டு நாள் ஆனது. எங்கள் கிலோவை ஒரு பக்கமும் விலையை ஒரு பக்கமும் வைத்து வரைபடம் போட்டேன். இலை அதிகம் வந்த மாதங்களில் விலை குறைவு, தெளிவாகத் தெரிகிறது. அப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப நாம கொறச்சுப் பறிச்சா வெல ஏறுமா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஏறாது என்று மனசுக்குப் படுகிறது. ஆனால் வரைபடம் ஏறும் என்றுதானே சொல்கிறது? ரெண்டு மாதமாக இதே யோசனை. எங்கள் சாரிடம் கேட்டபோது, இதற்கென்றே, புள்ளிவிவரத்தை வைத்துப் பொருளாதாரக் கேள்விக்கு விடை தேடும் எகனாமெட்ரிக்ஸ் என்று ஒரு படிப்பு இருக்கிறது, ஐ.எஸ்.ஐ.யில், அதாவது இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில், குவான்டிடேடிவ் எகனாமிக்ஸ் என்று முதுகலையே இருக்கிறது, பார் என்றார்.

நான் பொருளாதாரம் ஒரு தாள்கூடப் படித்ததில்லை. இங்கிலீஷ் படித்தால் புரியும், பேச வராது. வீட்டில் பெரிய தொகை கட்ட முடியாது. மாமா பி.எட். முடித்துவிட்டு இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிடு என்கிறார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. இந்தப் படிப்பைப் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். என்னைப் போன்றவர்கள் போக முடியுமா? போனால் அப்பா கேட்ட கேள்விக்கு அங்கே பதில் கிடைக்குமா?

சேப்பாக்கம் வழி:

வணக்கம் அம்மா. நான் ஐ.எஸ்.ஐ. இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எகனாமெட்ரிக்ஸுக்கு என்று தனித்துறையே இருக்கிறது, கடற்கரைக்கு எதிரே சேப்பாக்கம் வளாகத்தில். அங்கே படித்தேன். இப்போது கோவையில் கல்லூரி ஆசிரியர். கணிதம் படித்துவிட்டு வந்தவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். அவர்களுக்குக் கணக்கு ஒரு பிரச்சினையாக இருந்ததே இல்லை.

ஒரே இடத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது, 1993-ல் ராஜா செல்லையா தொடங்கியது. கட்டணம் உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள். மும்பை கோரேகாவில் ரிசர்வ் வங்கி 1987-ல் நிறுவிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆய்வு நிறுவனம் இருக்கிறது. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸுக்கு இப்போது சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஐ.ஐ.டி.களில் முதுகலை சேர்வதற்கான ஜாம் தேர்விலும் 2021-லிருந்து பொருளாதாரத் தாள் வந்துவிட்டது.

மாமாவிடம் ஒன்று சொல்லுங்கள். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்குப் பொருளாதாரத்திலோ எகனாமெட்ரிக்ஸிலோ முதுகலை இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும். பி.எட். எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். இந்த வயதில் வருகிற இந்த ஆர்வம் அப்படிக் காத்திருக்காது.

கொடநாடு ரோடு:

தங்கச்சி, நான் உன் ஊர்க்காரி. கொடநாடு போகிற வழியில் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தேன். அம்மா இருபத்தாறு வருடம் கொழுந்து எடுத்தவர். கோவையில் பி.எஸ்சி. கணிதம் படித்து, அப்புறம் டெல்லி ஐ.எஸ்.ஐ.யில் எம்.எஸ்.க்யூ.இ., உன் சார் சொன்ன அதே முதுகலை, 2013-ல் முடித்தேன். உன் பதிவை மூன்று தடவை படித்தேன். முதலில் அப்பாவுக்குப் பதில் சொல்லிவிடுவோம். அட்மிஷன் கதை அப்புறம்.

நீங்கள் மட்டும் குறைத்துப் பறித்தால் விலை ஏறாது. வருமானம்தான் குறையும். உங்களுக்கு வருகிற விலை குன்னூர் ஏலத்தில் விற்கும் தூளின் விலையை ஒட்டி வருகிறது. அதை வைத்துத்தான் டீ போர்டு மாதாமாதம் பச்சைத் தேயிலைக்கு மாவட்டச் சராசரி விலை அறிவிக்கிறது. ஒன்றரை ஏக்கர் இலை நின்றுபோனால் அந்த ஏலத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அப்படியென்றால் உன் வரைபடம் பொய்யா? பொய்யில்லை. கோடை மழை உங்கள் தோட்டத்தில் மட்டும் பெய்யவில்லை. கட்டபெட்டு, கீழ்க்கோத்தகிரி, குன்னூர் என்று எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் துளிர்க்கிறது. உங்கள் கிலோ ஏறுகிற மாதத்தில் மாவட்டத்தின் கிலோவும் ஏறுகிறது, ஏலத்தில் தூள் குவிகிறது, விலை இறங்குகிறது. நோட்டில் இருப்பது உங்கள் கிலோ. விலையைத் தள்ளுவது ஊர் கிலோ. இரண்டும் சேர்ந்தே நடப்பதால் ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்வது போலத் தெரிகிறது.

சரி, எல்லோரும் குறைத்தால் ஏறுமா? அப்பா அடுத்து இதைத்தான் கேட்பார், பார்த்துக்கொள். இங்கேதான் விஷயம் கடினமாகிறது. மாவட்டக் கணக்கையே எடுத்தாலும் விலையும் அளவும் ஒன்றையொன்று தள்ளும். விலை நன்றாக இருந்தால் உரம் போடுகிறோம், ஆள் கூப்பிட்டு அடிக்கடி எடுக்கிறோம். விலை விழுந்தால் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போகிறோம். நீ போட்ட புள்ளி ஒவ்வொன்றும், எந்த விலைக்கு எவ்வளவு விற்பார்கள் என்ற விற்பவர் கோடும், எவ்வளவு வாங்குவார்கள் என்ற வாங்குபவர் கோடும் வெட்டிக்கொண்ட இடம். இரண்டு கோடும் மாதாமாதம் நகர்கின்றன. நகர்ந்த தடத்தை மட்டும் பார்த்து எது எந்தக் கோடு என்று பிரிக்க முடியாது.

பிரிக்க ஒரு வழி இருக்கிறது. விற்பவர் பக்கத்தை மட்டும் அசைத்து, வாங்குபவர் பக்கத்தைத் தொடாத ஏதாவது ஒன்று வேண்டும். 1928-ல் ஃபிலிப் ரைட் என்ற அமெரிக்கர், எண்ணெய்களுக்கான இறக்குமதி வரி பற்றிய தன் புத்தகத்தின் பின்னிணைப்பில் இதைச் செய்து காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது ஆளி விதை. வறட்சியோ மழையோ விளைச்சலை அசைக்கும், பெயின்ட்டுக்கு ஆளி எண்ணெய் வாங்குகிறவனின் தேவையை அசைக்காது. அந்த வழிக்கு இன்று 'கருவி மாறி' என்று பெயர். இதைப் பாடத்தில் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கட்டில் அடியில் உங்கள் அப்பா பத்து வருடத்துக்கு மேலாக அதைத்தான் எழுதி வைத்திருக்கிறார். அந்த 'ப'. உறைபனி விழுந்தால் செடி கருகி இலை குறையும். கோத்தகிரியில் பனி விழுந்தது என்பதற்காக எங்கோ டீக்கடையில் யாரும் ஒரு டீ குறைத்துக் குடிக்கப்போவதில்லை.

ஆனால் உடனே சந்தோஷப்பட்டுவிடாதே. அந்தக் குளிர் மாதங்களில் நம் தூளின் வாசனையே வேறு. அதற்கென்றே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் பனி இலையின் அளவோடு தரத்தையும் மாற்றுகிறது, வாங்குபவர் பக்கமும் கொஞ்சம் அசைகிறது. அடை மழையிலும் இதே சிக்கல், இலை முற்றித் தரம் விழும். அப்புறம், அசாமிலிருந்தும் கென்யாவிலிருந்தும் வருகிற தூளுக்கு முன்னால் நீலகிரி சின்னது. இங்கே எல்லோரும் குறைத்தாலும் வாங்குபவர் அங்கே திரும்பிக்கொள்ளலாம். 'என் கருவி உண்மையிலேயே ஒரு பக்கத்தை மட்டும்தான் தொடுகிறதா' என்று உன்னையே நீ குறுக்கு விசாரணை செய்வதைத்தான் அந்த இரண்டு வருடமும் கற்றுக்கொடுக்கிறார்கள். சூத்திரம் ஒரு வாரத்தில் வந்துவிடும். இந்தப் பழக்கம் வர எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

இனி படிப்பு. கணிதப் பட்டதாரிகள் எழுதலாம், பிளஸ் டூவில் கணிதம் இருக்க வேண்டும். அந்தந்த வருடத்து விவரக் குறிப்பை வரி விடாமல் படி. நுழைவுத் தேர்வு பெரும்பாலும் மே மாதத்தில் வரும், இரண்டு தாள். பி.இ.ஏ. என்பது கணிதம், சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது. பி.இ.பி. பொருளாதாரம், எழுதிக் காட்ட வேண்டும். தேறினால் நேர்முகம். கொல்கத்தாவிலும் டெல்லியிலும் நடக்கிற படிப்பு இது.

நான் முதல் தடவை தேறவில்லை. மேட்டுப்பாளையம் இறங்கி, நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைக்குப் போய் எழுதினேன். காலையில் கணிதத்தாள் நன்றாகப் போனது. மதியம் மூன்று கேள்விகளை வெறுமனே விட்டுவிட்டு வெளியே வந்தேன். பொருளாதாரத்தைக் கணக்கு போலப் போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். அதன் பிறகு ஒரு வருடம் கோத்தகிரியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு, ராத்திரியில் நுண்பொருளாதாரம் மட்டும் படித்தேன். ஒவ்வொரு பாடத்தையும் அம்மாவுக்குத் தமிழில் சொல்வேன். அம்மா நான்காம் வகுப்புதான். ஆனால் "ரெண்டு பாக்டரிக்காரன் ஒருத்தன ஒருத்தன் பார்த்து எவ்வளவு தயாரிக்கிறதுனு முடிவு பண்ணுவான்" என்று கூர்னோ பாடத்தைச் சொன்னபோது, "அப்ப மூணாவது ஒருத்தன் வந்தா?" என்று கேட்டார். அடுத்த பக்கத்தில் பாடமே அதுதான்.

நேர்முகத்தில் ஒரு சார்பு தொடர்ச்சியானதா என்று நிறுவச் சொன்னார்கள், செய்தேன். அடுத்து, கூலி ஏறினால் ஒருவர் அதிக நாள் வேலை செய்வாரா, குறைவாகச் செய்வாரா என்று கேட்டார்கள். கரும்பலகையில் இரண்டு கோடு வரைந்தேன். அப்புறம் தட்டுத் தடுமாறி இங்கிலீஷில் என் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். கூலி கொஞ்சம் ஏறினால் ஒரு நாளும் விடமாட்டார், நன்றாக ஏறினால் சனிக்கிழமை வீட்டில் இருப்பார், ஏனென்றால் அவருக்கு முட்டி வலி. அந்தப் பேச்சில் இலக்கணப் பிழை நிறைய இருந்திருக்கும். அவர்கள் கேட்டது கோடு ஏன் வளைகிறது என்பதைத்தான். தேர்வும் இங்கிலீஷில்தான், ஆனால் எழுதுவது பெரும்பாலும் சமன்பாடு, நடுவே சின்னச் சின்ன வாக்கியம். ஒரு நாளைக்கு ஐந்து வரி எழுதிப் பழகு, போதும்.

உள்ளே போனால் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். முதல் செமஸ்டரில் மேக்ரோவில், அதாவது நாட்டளவிலான பொருளாதாரத்தில், 40-க்கு 9 வாங்கினேன். தேற்றங்களை நிறுவிவிடுவேன், அது எந்த ஊர் மனிதனைப் பற்றிப் பேசுகிறது என்று கேட்டால் வாய் அடைத்துவிடும். பொருளாதாரம் படித்து வந்தவர்களுக்கு நேர் எதிர்ச் சிக்கல். ராத்திரி ஹாஸ்டலில் சேர்ந்து உட்கார்ந்தோம், நான் அவர்களுக்குக் கணிதத்தில் மெய்ப்பகுப்பாய்வு (ரியல் அனாலிசிஸ்), அவர்கள் எனக்கு மேக்ரோ. டெல்லி குளிர் நமக்கு ஒன்றும் செய்யாது, மே மாத வெயில்தான் தாங்கவில்லை.

பணம்: நான் படித்தபோது கல்விக் கட்டணம் இல்லை, மாதம் உதவித்தொகை வந்தது. அதில் சாப்பிட்டு, வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பினேன். இப்போது எவ்வளவு என்பதை விவரக் குறிப்பில் பார்.

கணிதத்திலிருந்து இங்கே வருவது புதிதும் இல்லை. டி.என். சீனிவாசன் சென்னையில் கணிதம் படித்து, ஐ.எஸ்.ஐ.யில் புள்ளியியல் பயின்று, அப்புறம்தான் யேல் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் முனைவர் ஆனார்.

கூடலூர் மழை:

அக்கா எழுதியதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? ஒன்றே ஒன்று. எக்ஸெலிலேயே இருக்க வேண்டாம். கிரெட்ல், ஆர் என்று இரண்டு புள்ளியியல் மென்பொருள் இருக்கின்றன, இரண்டும் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். கிரெட்லில் மெனுவைத் தட்டியே செய்துவிடலாம், அதிலிருந்து தொடங்குங்கள். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மூன்று நாள்கூட கரண்ட் இருக்காது. அதனால் நெட் இருக்கும்போதே ஐ.ஐ.டி.கள் இலவசமாக வெளியிடும் என்.பி.டி.இ.எல். பாட வீடியோக்களையும் பழைய வினாத்தாள்களையும் இறக்கி வைத்துவிடுவேன். நானும் அடுத்த மே மாதம் எழுதுகிறேன்.

கொழுந்துக்கூடை:

சேப்பாக்கம் சார், கூடலூர் அண்ணா, ரொம்ப நன்றி. அக்கா, உங்கள் பதிலை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். 'ப' வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து 2012 நோட்டை எடுத்து வந்தார். எந்த நாள் எந்தப் பள்ளத்துச் செடி கருகியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மேட்டுச் செடிக்கு ஒன்றும் ஆகவில்லையாம். பனி பள்ளத்தில்தான் தங்கும் என்றார். அது நோட்டில் இல்லை, அவர் நினைவில்தான் இருக்கிறது.

கிரெட்ல் போட்டேன். எங்கள் சார் சொன்னபடி ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு டம்மி மாறி (அந்த மாதம் என்றால் 1, இல்லையென்றால் 0) சேர்த்தேன். கிலோ ஏறினால் விலை இறங்குகிற அந்தப் பழைய சாய்வில் பாதிக்கு மேல் காணாமல் போய்விட்டது. ஏதாவது தப்பாகச் செய்துவிட்டேனா? அப்புறம் அக்கா, முதல் தடவை தேறாமல் வீட்டில் இருந்த அந்த வருடம் சொந்தக்காரர்களை எப்படிச் சமாளித்தீர்கள்?

கொடநாடு ரோடு:

தப்பில்லை தங்கச்சி, சரியாகத்தான் செய்திருக்கிறாய். டம்மி போட்டதும் ஏப்ரலை ஏப்ரலோடும் ஜனவரியை ஜனவரியோடும் ஒப்பிடுகிறாய். காணாமல் போன பாதி, பருவம் செய்த வேலை. மிச்சம் இருப்பது, ஒரே மாதத்தில் ஒரு வருடத்துக்கும் இன்னொரு வருடத்துக்கும் உள்ள வித்தியாசம். அதிலும் ஊர் முழுக்கப் பெய்த மழை கலந்திருக்கும். அடுத்து டீ போர்டு வெளியிடும் மாத விலையையும் குன்னூர் ஏல விலையையும் தேடி எடுத்துப் பக்கத்துப் பத்தியில் ஏற்று. நோட்டில் இருக்கும் விலைக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்று பார். அப்பா எழுதிய அந்தக் 'கழித்த கிலோ' பத்தி அப்போதுதான் பேச ஆரம்பிக்கும். கழித்ததையும் சேர்த்தால் கிலோவுக்கு உண்மையில் என்ன கிடைத்தது என்று கணக்குப் போடு. நான் அந்தக் கணக்கைப் பார்த்ததில்லை, பார்க்க ஆசை.

பள்ளம், மேடு விஷயம் பெரிய விஷயம். ஒரே தோட்டம், ஒரே வீடு, ஒரே உரம், பனி மட்டும் ஒரு பக்கம். அப்பா மறப்பதற்குள் எந்தப் பகுதி பள்ளம் என்று படம் வரைந்து, நினைவில் இருக்கிற வருடங்களைக் குறித்துக்கொள். நினைவிலிருந்து எழுதியதை வேறு நிற மையில் எழுது, அன்றன்றைக்கு எழுதியதோடு கலக்கக் கூடாது.

தேர்வுக்கு, ஐ.எஸ்.ஐ. இணையதளத்தில் இருக்கும் பழைய வினாத்தாள்களில் பொருளாதாரத் தாளை முதலில் எடு. கணிதத்தாளை வாரத்தில் ஒரு நாள் நேரம் வைத்துப் போட்டால் போதும். நுகர்வோர், நிறுவனம், கூர்னோ, அப்புறம் நாட்டின் வளர்ச்சியை விளக்கும் 'சோலோ மாதிரி', இந்த வரிசையில் போ. கூடலூர் தம்பியோடு சேர்ந்து படி. தனியாகப் படித்ததுதான் என் முதல் வருடத் தப்பு.

சொந்தக்காரர்கள் கேட்கத்தான் செய்தார்கள். கல்யாண வீட்டில், கோயிலில், பஸ்ஸில் எல்லா இடத்திலும் கேட்டார்கள். "மறுபடியும் எழுதறேன்" என்று மட்டும் சொன்னேன். டியூஷன் காசில் வீட்டுக்கு அரிசி வாங்கிப் போட்டேன், அதற்குப் பிறகு கேள்வி கொஞ்சம் குறைந்தது. மாமாவோடு சண்டை போடாதே. பி.எட். விண்ணப்பமும் போட்டு வை, இரண்டில் எது வந்தாலும் உனக்குக் கை கொடுக்கும்.

இன்னொன்று, இதை இன்றைக்கே செய். எக்ஸெலில் இருந்தாலும் நோட்டு ஒவ்வொன்றின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்து இரண்டு இடத்தில் வை. எங்கள் லைன் வீட்டில் அம்மாவின் வேலை நாள் குறித்த பேர் அட்டைகளையும் இப்படித்தான் தகரப் பெட்டியில் வைத்திருந்தோம். ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு திறந்தால் மை எல்லாம் ஊறி ஒரே நீலமாக இருந்தது.